கோவத்துக்கு விதைத்த சாமை

ஐந்தாவது வருஷமும் பூங்கோதை அந்த விளங்காத விதையையே விதைத்தாள்.

ஆடியில் மூன்று மழை பெய்து மண்ணுக்குள் ஒரு சாண் ஈரம் இறங்கியிருந்தது. ஊசிக்கல்லில் எல்லார் கொல்லையிலும் ஏர் ஓடியது. ஜவ்வாது மலையில், ஒடுகத்தூரிலிருந்து ஏறி வருகிற பஸ் திரும்பிப் போகும் இடத்துக்கும் மேலே இருபத்திரண்டு வீடுகள் உள்ள ஊர் அது. மேட்டுக் கொல்லையை அருணகிரி உழுதான். மலை மாடுகள், சின்ன உடம்பு. கொழு கல்லில் இடிக்கும்போதெல்லாம் நின்று திரும்பிப் பார்க்கும். அவன் பெண்டாட்டி பூங்கோதை மடியில் விதையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வீசி வந்தாள்.

கொல்லையின் நடுவே கல்லடுக்கி ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் நாட்டுச் சாமை. அந்தப் பக்கம் அரை ஏக்கரில் ஆபீஸ் சாமை. ஊரில் அதற்கு வைத்த பெயர் அதுதான்.

வரப்பைத் தாண்டும் இடத்தில் அருணகிரி ஏரை நிறுத்தினான்.

"இந்த வருசமாச்சும் அந்தத் துண்டுல கொள்ளு போடலாம். மாட்டுக்காவது ஆவும்."

"உழுங்க மாமா."

"பதரு அறுக்கறதுக்கு ரெண்டு பேரு வேர்வை சிந்தறோம். மாட்டையும் சேத்தா நாலு உசுரு."

"சும்மா சிந்தல. வெச்சிகினு கீறேன்."

"யாருக்கு?"

யாருக்கென்று அவனுக்குத் தெரியும். வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்து வேலியோரத்து முள்ளை வெட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி வடிவேலுவுக்கும் தெரியும். வடிவேலுவின் இடது கால் மடங்காது. உட்கார்ந்தாலும் நீட்டியபடியேதான் இருக்கும்.

அருணகிரி மாட்டை அதட்டினான். ஏர் அந்தப் பக்கம் இறங்கியது.

இதெல்லாம் ஆரம்பித்தது தனசேகரன் சார் ஜீப்பில் வந்த நாளில். கீழே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் அவர் விஞ்ஞானி. தில்லியிலிருந்து பணம் வந்திருக்கிறது, மூன்று வருஷத் திட்டம், குட்டைத் தட்டு, இரட்டை மகசூல் என்றார். ஊரில் கணக்காகப் பேசக்கூடியவள், பத்தாவது வரை படித்தவள் என்று பூங்கோதையை முன்னோடி விவசாயியாக எடுத்தார்கள். அவள் கதிர்க்கட்டோடு நிற்கும் படத்தைப் பலகையில் போட்டுப் பஸ் நிற்குமிடத்தில் நட்டார்கள். மூன்று வருஷமும் உரமூட்டை வந்தது, மருந்து வந்தது, மழையும் ஒத்து வந்தது. சாமை நன்றாகவே விளைந்தது. அதில் பொய்யில்லை.

மூன்றாவது வருஷக் கடைசியில் சார் ஊரிலுள்ள நாட்டு விதையை எல்லாம் கேட்டார். குளிர் அறையில் வைத்துப் பாதுகாப்பதற்கு என்றார். கொஞ்சம் கொடுத்தால் போதாதா என்று சிலர் இழுத்தபோது பூங்கோதைதான் வீடுவீடாகப் போய்ப் பேசினாள். இனிமேல் புது விதைதானே, பழசை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவள் சொன்னதால் கொடுத்தார்கள். அவள் சொன்னதால் வடிவேலு தன் பங்கு நிலம் முழுவதிலும் புது விதையையே போட்டான்.

நாலாவது வருஷம் திட்டம் இல்லை. உரமும் இல்லை. ஐப்பசியில் கதிர் பால் பிடிக்கிற நேரம் பதினோரு நாள் மூடுபனி இறங்கி எழவே இல்லை. நாட்டுச் சாமை என்றால் தலையை ஆட்டிவிட்டு நிற்கும். இது சாய்ந்தது. சாய்ந்த கதிரைக் கசக்கினால் கையில் உமிதான் இருந்தது.

பூங்கோதை சாருக்குப் போன் செய்தாள். "ப்ராஜக்ட் முடிஞ்சிடுச்சும்மா" என்றார். மறுபடி செய்தபோது எடுக்கவில்லை. ஒரு கோணி நிறையப் பதரைக் கட்டி எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி அவர் ஆபீசுக்கே போனாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. காலை ஒன்பது மணிக்குப் போனவள் மூன்று மணி வரை வெயிலில் கேட்டோரம் நின்றாள். தனசேகரன் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கோணிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம், "பாருங்க, மெயின்டனன்ஸ் சரியில்லன்னா எந்த ரகமும் இப்படித்தான்" என்றார். அவளிடம், "சோம்பேறித்தனத்துக்கு மருந்து கண்டுபிடிக்க முடியாதும்மா" என்று சொல்லிச் சிரித்தார். அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தத் தையில் வடிவேலு ஒரு ஏஜென்டோடு ஆந்திரக் காட்டுக்குத் திருட்டுச் செம்மரம் வெட்டப் போனான். வீட்டில் தின்ன ஒன்றுமில்லாத வருஷம், ஊரிலிருந்து ஏழு பேர் போனார்கள். போலீஸ் துரத்தும்போது லாரியிலிருந்து குதித்து வடிவேலுவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரி, ஜெயில், பிறகு இந்தக் கால். அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படவேட்டில் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அக்கா வீட்டில் இருந்தாலும் அக்கா கையால் அவன் சோறு வாங்குவதில்லை. சட்டியில் இருப்பதைத் தானே போட்டுக்கொள்வான்.

அவள் நெல்லிவாசல் பக்கத்து உறவுக்காரர்களிடம் கெஞ்சி, நாட்டு விதை ஒரு முறம் வாங்கி வந்து மறுபடி பெருக்கினாள். அப்போதே இதையும் தொடங்கினாள். ஆபீஸ் சாமையில் முற்றியது எவ்வளவு கிடைக்கிறதோ அதைப் பொறுக்கி எடுத்து மறு வருஷமும் விதைத்தாள். ஒரே உழவு, ஒரே எரு, ஒரே களை. ஒவ்வொரு அறுப்பிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கட்டு எடுத்து, வருஷத்தைத் துணியில் எழுதிக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டாள். என்றைக்காவது தனசேகரன் வருவான், அன்றைக்குச் சோம்பேறி யாரென்று இந்தக் கட்டுகளை அவன் முன்னால் போட்டுக் கேட்க வேண்டும். எழுந்ததும் நினைப்பு அதுதான். படுக்கும்போதும் அதுதான். அருணகிரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அந்த அரை ஏக்கர் மட்டும் அவன் பேச்சுக்குக் கட்டுப்படவில்லை.

புரட்டாசியில், களையெடுப்பு முடிகிற சமயத்தில், கல்பனா மலையேறி வந்தாள். அந்தத் திட்டத்தில் அவள்தான் கள உதவியாளர். கண்ணமங்கலத்துப் பெண். மூன்று வருஷம் ஊசிக்கல்லிலேயே தங்கி, பூங்கோதை வீட்டில் சாப்பிட்டவள். இப்போது ஒடுகத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். கொல்லையில் குனிந்திருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். பூங்கோதை மட்டும் நிமிர்ந்தாள்.

"இன்னா கல்பனா. வழி தெரிஞ்சிதா."

"அக்கா, உன்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

"களைய எடுத்துகினே சொல்லு. ஈரம் காயறதுக்குள்ள முடிக்கணும்."

கல்பனா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்தாள்.

"நாடு பூரா ஆராய்ச்சிக்குன்னு அரசாங்கம் பணம் குடுக்குது இல்ல, அது குடுக்கற முறை சரியா கீதான்னு பாக்கறதுக்கு ஒரு குழு போட்டுக்கீறாங்க. தனிக்குழு. பணம் குடுக்கற ஆபீஸ் ஆளுங்க யாரும் அதுல இல்ல. வாங்கறவங்களும் இல்ல. ஜனங்க யாரு வேணா எழுதிப் போடலாம்னு பேப்பர்ல போட்டாங்க. நான் எழுதினேன்."

"இன்னான்னு?"

"இந்தத் திட்டம் வெற்றின்னு எழுதின கடைசி அறிக்கைய தயார் பண்ணது நான்தான்னு."

பூங்கோதையின் கையில் பிடுங்கிய புல் அப்படியே இருந்தது.

"நாலாவது வருசம் பதரானது எனக்குத் தெரியும்க்கா. நீ போன் பண்ணினயே. அறிக்கை அப்பதான் போகணும். கடைசித் தவணைப் பணம் அது போனாதான் வரும், என் ஆறு மாசச் சம்பளமும் அதுலதான். சார் சொன்னாரு, மூணு வருசத்தத்தானே கேக்கறான், மூணு வருசத்த மட்டும் எழுதுன்னு. எழுதிட்டேன்."

"இருபத்திரண்டு குடும்பம் பயனடஞ்சிதுன்னா?"

"நூத்தி இருபதுன்னு."

பூங்கோதை கையிலிருந்த புல்லை வரப்பில் எறிந்தாள்.

"அந்தக் குழு இன்னா பண்ணும்?" என்றாள் பூங்கோதை. "அவன வேலைய வுட்டுத் தூக்குமா?"

"அந்த மாதிரி குழு இல்லக்கா அது. வெற்றின்னு முடிஞ்ச திட்டத்துல பன்னெண்டை எடுத்து நேர்ல போய்ப் பாக்கறாங்க. நம்ம ஊரும் அதுல வந்திடுச்சு. பாத்துட்டு, பணம் குடுக்கற விதிய எப்படி மாத்தலாம்னு சொல்வாங்க. ஆலோசனை மட்டும்தான்."

"எப்ப வர்றாங்க?"

"கார்த்திகை மொதல் வாரம்."

"அறுப்புக்கு முன்னாலயா?"

"ஆமா."

பூங்கோதை வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் அப்போது ஒரே பச்சையாகத்தான் இருந்தது. "நல்ல நேரமாத்தான் வர்றாங்க" என்றாள். அப்புறம் கல்பனாவைப் பார்த்து, "நீ செஞ்சதுக்கு உன்ன வுட்டுட்டேன்னு நெனைக்காத. வூட்ல களி கீது. சாப்ட்டுட்டுப் போ" என்றாள்.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காலை வெயிலில், தனசேகரனின் ஜீப் வந்தது. ஐந்து வருஷத்தில் தலை நரைத்துக் கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார். பேச்சு மாறவில்லை. வாசலில் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எப்படிம்மா இருக்கே? பலகையில உன் போட்டோ கொஞ்சம் வெளுத்துப் போச்சு. மாத்தச் சொல்லியிருக்கேன்."

"செரிங்க சார்."

"சில பேர் வர்றாங்க. சும்மா பார்வையிடத்தான். திட்டம் எப்படி இருந்ததுன்னு கேட்பாங்க. நல்லா இருந்ததுன்னு சொன்னா போதும். இப்ப ஒரு புதுத் திட்டம் எழுதியிருக்கேன். இந்த ஊருக்கே சாமை அரைக்கிற மெஷின். பொம்பளைங்க உரல்ல குத்தற வேலையே இருக்காது. இவங்க நல்லபடியா எழுதினாத்தான் அது வரும்."

"மெஷின் வந்தா நல்லதுதானுங்க."

"அதான். கேள்விப்பட்டேன், மேட்டுக் கொல்லையில ஏதோ அரை ஏக்கர் அப்படியே விட்டு வெச்சிருக்கியாமே. அதை நாளைக்கு அறுத்துடு. பாக்க நல்லா இருக்காது. கூலிக்கு ஆள் அனுப்பறேன்."

"ஆளு வேணாங்க. நான் பாத்துக்கறேன். நீங்க தைரியமா இட்டுகினு வாங்க சார்."

ஜீப் திரும்பி இறங்கியது. வீட்டுக்குப் பின்னாலிருந்து வடிவேலு மண்வெட்டிக் காம்போடு வந்தான். அவன் முகம் கறுத்திருந்தது.

"அவன சும்மா வுட்டுட்ட. கட்டில்ல உக்கார வெச்சித் தண்ணி குடுத்து அனுப்பற."

"அடிச்சா இன்னாடா ஆவும்?"

"என் காலு எனக்குத் தெரியுது. அவனுக்கும் கொஞ்சம் தெரியணும்."

"நாலு நாளு வலிக்கும். அப்பால மலைக்காரனுங்க மொரடனுங்கன்னு பேரு வாங்கிக் குடுத்துட்டு அவன் நல்லவனாயிடுவான். உன்ன மறுபடி ஜெயிலுக்கு இட்டுகினு போவாங்க. வேணாம். இன்னும் ரெண்டு நாளு பொறு."

"அஞ்சு வருசமா இதத்தான் சொல்ற. நீ சொன்னத கேட்டுத்தான நான் இப்டி ஆனேன்."

அவன் அதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான். பூங்கோதை அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஆமா, என்னாலதான். அதனாலதான் சொல்றேன், பொறு" என்றாள். வடிவேலு காம்பைச் சுவரில் சாத்திவிட்டுப் போனான்.

குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் வடக்கத்திக்காரர்கள். மூன்றாவது ஆள் தஸ்லீம், வாணியம்பாடிக்காரி, புள்ளியியல் பேராசிரியர். தலையில் முக்காடு, கையில் ஒரு தடித்த நோட்டு. ஜீப்பிலிருந்து இறங்கியதும் மற்ற இருவரும் பலகையைப் பார்க்கப் போனார்கள். தஸ்லீம் மட்டும், தலைச்சுமையாக விறகு கொண்டுவந்த பெண்களிடம், "இன்னா விறகுமா இது, ஈரமா கீதே" என்று பேசிக்கொண்டு நின்றாள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பூங்கோதைக்குத் தைரியம் வந்தது. இவளிடம் சொன்னால் புரியும்.

தனசேகரன் பலகையின் முன் நின்று ஒருமணி நேரம் பேசினார். மற்ற இருவர் குறித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் கல்பனாவும் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

"இப்ப நம்ம முன்னோடி விவசாயி பேசுவாங்க" என்றார் கடைசியில்.

"பேசறதுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள் பூங்கோதை. "மேட்டுக் கொல்லைக்கு வாங்க. பக்கம்தான்."

தனசேகரன் அவளைப் பார்த்தார். அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். முன்னால் வடிவேலு காலை இழுத்துக்கொண்டு போனான். பின்னால் ஊரே போனது.

மேலே ஏறியதும் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் சாமை கதிர் வளைந்து பழுத்து நின்றது. அந்தப் பக்கம் சாய்ந்து, நரைத்து, பாதி கரியாகக் கிடந்தது. காற்றடித்தால் இந்தப் பக்கம் கனமாக அசைந்தது. அந்தப் பக்கம் உமி பறந்தது. அருணகிரி வீட்டிலிருந்து கட்டுகளைச் சுமந்து வந்து வரப்பின் மேல் வரிசையாகப் போட்டான். இரண்டிரண்டாக நான்கு வருஷத்துக் கட்டுகள். அவனுக்கு இதில் இஷ்டம் இல்லாவிட்டாலும் ஒரு கட்டுகூட உதிராமல் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான்.

தஸ்லீம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் பத்துக் கதிர் உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினாள். எண்ணினாள். நோட்டில் எழுதினாள். எரு எவ்வளவு, எப்போது விதைத்தது, எந்த வருஷம் பனி எத்தனை நாள் என்று கேட்டாள். பூங்கோதை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பனி நாட்களைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

"இத யாரு உங்கள செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. கோவத்துக்கு விதைச்சேன்."

தஸ்லீம் மற்ற இருவரிடம் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினாள். பிறகு பூங்கோதையிடம் திரும்பினாள். "பதினோரு இடம் பாத்துட்டு வந்தோங்க. பணம் நின்ன மறுநாள்லேருந்து எந்த எடத்துலயும் ஒரு கணக்கு கிடையாது. இன்னா ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. இங்கதான் பாக்கறேன்."

"அப்ப எழுதுங்க. இந்தாளு பேரு தனசேகரன். இவரு பொய் சொன்னாருன்னு எழுதுங்க."

எல்லாரும் தனசேகரனைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

தஸ்லீம் மெதுவாகப் பேசினாள். "நாங்க யாரையும் தண்டிக்கற எடம் இல்லைங்க. ஆளப் பத்தி எழுத எங்களுக்கு அதிகாரம் கிடையாது. விதி சரியா, தப்பா, அத மட்டும்தான் பாக்கணும்." பிறகு தனசேகரனிடம், "சார், மூணாவது வருசத்துக்கு அப்புறம் இங்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"வர்றதுக்கு நிதி இல்லை மேடம். வண்டிக்கு டீசல் போட்டாக்கூட ஆடிட்ல கேள்வி வரும்."

"தோத்துப்போச்சுன்னு எழுதியிருந்தா?"

அவர் சற்று யோசித்தார். பொய் சொல்லத்தான் யோசிக்கிறார் என்று பூங்கோதை நினைத்தாள். அவர் சொன்னது வேறு. "அடுத்த திட்டம் வராது மேடம். தோல்வின்னு எழுதினவனுக்கு ரெண்டாவது தடவ யாரும் குடுத்ததில்லை. என் லேப்ல அஞ்சு பேர் இருந்தாங்க. வெற்றின்னு எழுதற மாதிரிதான் படிவமே இருக்கு. நான் மட்டும் இல்லை, எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

தஸ்லீம் ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது அதுதான் என்பது முகத்தில் தெரிந்தது. தனசேகரன் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. தலையை நிமிர்த்தினார். இப்போது அவர் குற்றவாளி இல்லை, ஒரு தப்பான விதியில் மாட்டிக்கொண்ட பாவப்பட்ட மனுஷன். பூங்கோதை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்து வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்தது கண்ணெதிரே கைமாறிப் போவது தெரிந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "விதிதான் தப்புன்னு சொல்றீங்க. செரி. வரக் காசு இல்ல, விதி. பொய் எழுதணும், விதி. பதரு கோணியத் தூக்கிகினு போய் நான் வெயில்ல நின்னப்ப, என்ன சோம்பேறின்னு சொல்லி ரெண்டு பேர வெச்சிகினு சிரிச்சாரே, அது எந்த விதிங்க?"

தனசேகரன் தரையைப் பார்த்தார்.

"அது எந்தப் படிவத்துல கீதுன்னு கேக்கறேன். அத எழுதிக்க உங்க நோட்டுல எடம் கீதா?"

தஸ்லீம் பேனாவை மூடினாள். "இல்லைங்க. அதுக்கு எங்ககிட்ட எடம் இல்லைங்க."

"அப்ப அத நானே பாத்துக்கறேன்" என்றாள் பூங்கோதை.

குழுவின் அறிக்கை மறு ஆவணியில் வந்தது. கல்பனா செல்போனில் இறக்கிக்கொண்டு வந்து, அருணகிரியும் பூங்கோதையும் மாட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்து தமிழில் படித்துச் சொன்னாள். நானூறு பக்கத்தில் ஊசிக்கல்லுக்கு இரண்டு பக்கம். மலைவிவசாயி ஒருவர் தன் சொந்த நிலத்தில் திட்டம் முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து செய்த ஒப்பீடு என்று இருந்தது. பூங்கோதையின் பேர் இருந்தது. தனசேகரன் பேர் இல்லை.

"பணம் குடுக்கற ஆபீஸ்ல இன்னா சொல்றாங்கன்னா," என்றாள் கல்பனா, "அந்த அரை ஏக்கர அப்டியே நீ தொடர்ந்து வெக்கணுமாம். அதுக்கு நிதி ஒதுக்கறாங்களாம்."

"இந்த ஆடியில அங்க கொள்ளு போட்டுட்டேன்."

"ஏன்க்கா? இப்பதான அதுக்கு மதிப்பு வந்திருக்குது."

"கோவத்துக்கு வெச்சது அது. காசு வாங்கிகினு வெச்சா அது வேற இன்னாவோ."

தழையை வெட்டியபடியே அருணகிரி சிரித்தான். அவன் கேட்ட கொள்ளு அது.

"இன்னொண்ணு கீது" என்றாள் கல்பனா. அவள் குரல் மாறியிருந்தது. "குழு சொன்னதுல ஒண்ண ஒத்துகினு மூணு ஊர்ல பரிசோதனை பண்றாங்க. நம்ம ஊரும் ஒண்ணு. திட்டம் நடத்தின விஞ்ஞானியே திரும்பி வரணும். வருசத்துக்கு மூணு தடவ, மூணு வருசம். வந்து, திட்டத்தால இன்னா ஆச்சின்னு அந்த ஊரு ஜனங்க சொல்றத அவங்க பேச்சுலயே எழுதணும். எழுதினது சரின்னு ஊருல ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் அவரு பேருல அடுத்த நிதி எதுவும் வரும். கையெழுத்துப் போடற ஆளா உன் பேரக் குடுத்திருக்காங்க."

பூங்கோதை கையிலிருந்த கொடுவாளைக் கீழே வைத்தாள்.

"மறுபடி படி" என்றாள்.

மாசியில் புளி உலுக்குகிற காலத்தில் தனசேகரன் வந்தார். இந்தத் தடவை பஸ்ஸில் வந்தார். மரத்தடியில் பெண்களோடு, லீவு நாளில் மலையேறி வந்திருந்த கல்பனாவும் புளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வடிவேலு கீழே உட்கார்ந்து கல்லால் புளியோட்டைத் தட்டினான். தனசேகரன் பையிலிருந்து படிவத்தை எடுத்து, தேவையானதை எழுதிக்கொண்டு வந்துவிட்டதாகவும் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும் சொன்னார்.

பூங்கோதை வாங்கிப் படித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதை அவர் மறந்திருந்தார்.

"'சில இடர்ப்பாடுகள் ஏற்பட்டன'ன்னு போட்டுக்கீது. இது எங்க பேச்சு இல்லைங்களே."

"அரசாங்கக் காகிதம்மா. அப்படித்தான் எழுதணும்."

"எங்க பேச்சுலயே எழுதணும்னு விதியில கீது சார். விதிய மீறக் கூடாது இல்லைங்களா. உக்காருங்க. வேற தாளு எடுங்க. டேய் வடிவேலு, சொல்லு."

வடிவேலு கல்லைக் கீழே வைத்தான். பேசி வழக்கமில்லாதவன். முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். பிறகு தொடங்கினான். எவ்வளவு நிலம், அதில் என்ன போட்டான், என்ன வந்தது. ஏஜென்ட் எந்தக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தான். லாரியில் எத்தனை பேர். குதித்தபோது உள்ளே என்ன சத்தம் கேட்டது. எந்த ஆஸ்பத்திரியில் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டார்கள். பெண்டாட்டி எந்த நாளில் போனாள், அன்றைக்குப் பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தது.

தனசேகரன் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதினார். தமிழில் எழுதிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். எழுத்து அடிக்கடி தவறியது. அவர் நிறுத்தும்போதெல்லாம் பூங்கோதை, "இன்னா சார், வேகமா சொல்றானா? நிறுத்திச் சொல்லச் சொல்றேன்" என்றாள். புளி பொறுக்கிய பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"இதுக்கும் சாமைக்கும் சம்பந்தம் இல்லையேம்மா" என்றார் ஒரு இடத்தில், தாழ்ந்த குரலில்.

"சம்பந்தம் கீதா இல்லியான்னு நாங்க சொல்லணும். நீங்க எழுதணும். அப்டித்தான போட்டுக்கீது?"

அவர் எழுதினார். முடிந்ததும், "இப்ப எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க" என்றாள். அவர் எழுந்து நின்று படித்தார். விலங்கு என்ற இடத்தில் குரல் இறங்கியது. "கேக்கல சார்" என்றாள் ஒருத்தி. அவர் அந்த வரியை மறுபடி படித்தார். கல்பனா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வடிவேலு குனியவில்லை. படித்து முடியும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தனசேகரன் தாளையும் பேனாவையும் பூங்கோதையிடம் நீட்டினார். அவள் தாளை மட்டும் வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதிக்கீறீங்க. எழுத்துப் பெழை கொஞ்சம் கீது, பரவால்ல."

"கையெழுத்து..."

"இது ஒரு வூடுதான சார். ஊர்ல இருபத்திரண்டு வூடு கீது. ஏழு பேரு மரம் வெட்டப் போனாங்க, அதுல ஒருத்தன்தான் இவன். சித்திரையில வாங்க, அடுத்த வூட்டுக்காரங்கள இருக்கச் சொல்றேன். நாலரை மணி பஸ் போய்டப் போவுது, கெளம்புங்க."

அவர் பையை மாட்டிக்கொண்டு இறங்கினார். பாதை திரும்பும் இடம்வரை பெண்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புளி பொறுக்கப் போனார்கள்.

மரத்தின் மேலிருந்து அருணகிரி இறங்கி வந்தான். எல்லாவற்றையும் கிளையில் இருந்தபடியே கேட்டிருந்தான்.

"பாவமா கீதுடி. வயசான ஆளு, தரையில உக்காந்து எழுதறாரு. இன்னும் எத்தினி தடவ வர வெப்ப?"

"ஒம்போது தடவன்னு விதி" என்றாள் பூங்கோதை. "அதுல ஒண்ணுதான் ஆயிருக்குது."